பின்செல்லுதல்: சூரிச் தீர்ப்பில் இருந்த ஒரு சொல்

இங்கே சூரிச்சில் இப்போது மாலை ஏழு மணி. கனடாவில் மத்தியானச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கும், அவுஸ்திரேலியாவில் விடியப்புறம் எழும்பி இருக்கிறவர்களுக்கும் முதலில் நன்றி.

நான் வரலாறு படித்தவள் இல்லை. தாதியியலில் டிப்ளோமா செய்துவிட்டு, இந்த நகரத்தில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இடையிடையே எழுதுகிறேன். ஒரு விசுவாசியின் வாழ்க்கையில் சீஷத்துவம் என்றால் என்ன என்று பேசும்படி ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நாங்கள் புரட்டஸ்தாந்துகாரர் சீஷன் என்போம். கத்தோலிக்கர் சீடன் என்பார்கள். இரண்டும் சிஷ்யன் என்ற சொல்லின் பிள்ளைகள்தான். பிரசங்கம் செய்ய எனக்கு வராது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சைவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே இந்த ஊரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அந்த வழக்கின் தீர்ப்பில் இந்தச் சொல் இருக்கிறது.

சூரிச் வந்தவர்கள் லிம்மாட் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். ஏரியில் இருந்து புறப்பட்டுப் பழைய நகரத்தின் நடுவால் ஓடுகிறது. கிழக்குக் கரையில் இரட்டைக் கோபுரத்தோடு குரொஸ்மூன்ஸ்டர் தேவாலயம். அதற்குக் கீழே, ஆற்றோரமாக, சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் வெண்கலச் சிலை. 1885இல் வைத்தது. கையில் வேதாகமம் இருக்கிறது. கூடவே ஒரு நீண்ட வாளும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். எதிர்க் கரையில், ஷிப்ஃபெ என்ற பழைய கைவினைஞர் தெருவோரமாக, ஒரு கல் பதித்திருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. ஃபீலிக்ஸ் மான்ஸும் வேறு ஐந்து பேரும் 1527க்கும் 1532க்கும் இடையில் இந்த ஆற்றின் நடுவில் மூழ்கடிக்கப்பட்டார்கள் என்றும், ஹான்ஸ் லாண்டிஸ் என்பவர் 1614இல் கடைசியாகக் கொல்லப்பட்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அதை வாசித்தேன். அன்றைக்கு இரவு வேலை முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்தது. நடந்து வந்தபோது கண்ணில் பட்டது.

கொல்லப்பட்டவர் யார், கொன்றவர்கள் யார் என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு அதிர்ச்சி. கொல்லப்பட்டவரும் கிறிஸ்தவர், கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள். அதுவும் கத்தோலிக்கர் ஒரு பக்கம், புரட்டஸ்தாந்துகாரர் மறுபக்கம் என்று இல்லை. ஒரே மேசையில் இருந்து ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்.

ஹுல்ட்ரிச் ஸ்விங்லி 1519 ஜனவரி முதலாம் திகதி குரொஸ்மூன்ஸ்டரில் போதகராக வந்தார். வந்த உடனே, ஞாயிறுதோறும் குறித்த பகுதியை வாசிக்கும் பழைய ஒழுங்கை விட்டுவிட்டு, மத்தேயு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்தில் இருந்து வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். அதே வருடம் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. ஸ்விங்லி அப்போது வெளியூரில் ஓய்வில் இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார், நோயாளிகளைப் பார்த்தார், தானும் விழுந்தார், சாவின் விளிம்புவரை போய்த் தப்பினார். ஒரு தாதியாக இந்தப் பகுதியை வாசித்தால் அந்த மனிதரை இலேசாகத் தூக்கி எறிய முடியாது. கோவிட் காலத்தில் எங்கள் மாடியில் வேலைக்கு வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்விங்லியைச் சுற்றி ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்தது. அவரோடு சேர்ந்து கிரேக்கமும் எபிரெயமும் படித்தார்கள். ஒருவர் கொன்ராட் கிரேபெல், நகர சபை உறுப்பினரின் மகன், வியன்னாவிலும் பாரிஸிலும் படித்தவர். இன்னொருவர் ஃபீலிக்ஸ் மான்ஸ், குரொஸ்மூன்ஸ்டரின் குரு ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், எபிரெயத்தில் கெட்டிக்காரர். இருவருக்கும் இருபதுகளின் நடு வயது. 1522 தபசு காலத்தில் அச்சகக்காரர் ஃப்ரொஷாவர் வீட்டில் சிலர் கூடி, உபவாச விதியை மீறி, இறைச்சிக் குழல் வெட்டிச் சாப்பிட்டார்கள். ஸ்விங்லி அங்கே இருந்தார்; தான் சாப்பிடவில்லை; ஆனால் சாப்பிட்டவர்களுக்காகப் பிரசங்கித்தார். சூரிச் சீர்திருத்தம் இப்படி ஒரு சாப்பாட்டு மேசையில் பகிரங்கமானது.

பிளவு வந்தது 1523 அக்டோபரில். நகர சபை ஒரு பெரிய விவாதக் கூட்டம் நடத்தியது. திருப்பலியும் சொரூபங்களும் வேதத்துக்கு ஒத்தவை இல்லை என்று ஸ்விங்லி நிறுவினார். அப்படியென்றால் நாளைக்கே நிறுத்துவோமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். எப்போது, எப்படி என்பதைச் சபை தீர்மானிக்கட்டும் என்றார் ஸ்விங்லி. அவர் பயந்து சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சுற்றிலும் கத்தோலிக்க மாநிலங்கள் ஆயுதத்தோடு இருந்தன. நகரம் உடைந்தால் எல்லாமே போய்விடும். ஆனால் கிரேபெலுக்கும் மான்ஸுக்கும் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. வேதத்தில் ஒன்றைக் கண்ட பிறகு, அதன்படி நடக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அந்தக் கேள்விதான் குழந்தை ஞானஸ்நானத்தில் வந்து முட்டியது. இயேசு கூப்பிட்டபோது மீனவர்கள் வலையை விட்டுப் பின்னால் போனார்கள். போனவர்கள் தாங்களே தீர்மானித்துப் போனார்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தை எதைத் தீர்மானிக்கும்? ஆகவே நம்பி, மனம் திரும்பி, பின்செல்லுகிறேன் என்று தன் வாயால் சொல்லுகிறவருக்குத்தான் ஞானஸ்நானம் என்றார்கள். இன்றைக்கு இது ஒரு சபைத் தகராறு போலத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. சூரிச்சில் பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் வார்த்தால் அது கிறிஸ்தவக் குழந்தை. அதே நேரத்தில் சூரிச் குடிமகன். பெரியவனானால் வரி கட்டுவான், சத்தியம் செய்வான், ஈட்டி எடுத்துப் போருக்குப் போவான். தண்ணீரை மறுத்தால் அந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். சபைக்கு அது நன்றாக விளங்கியது.

1525 ஜனவரி 17ஆம் திகதி மறுபடி விவாதம். அடுத்த நாள் கட்டளை: குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள் நகரத்தையும் நாட்டையும் விட்டுப் போக வேண்டும். 21ஆம் திகதி கிரேபெலும் மான்ஸும் கூட்டம் நடத்தக்கூடாது என்று தடை. அன்று மாலையே, தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில், மான்ஸின் தாயார் வீட்டில் சிலர் கூடினார்கள். ஜோர்ஜ் பிளவ்றொக் என்ற மலைநாட்டுக் குரு முழந்தாளில் நின்று, தனக்கு ஞானஸ்நானம் தரும்படி கிரேபெலைக் கேட்டார். கிரேபெல் கொடுத்தார். பிறகு பிளவ்றொக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த நாட்களில் ஏரிக்கரைக் கிராமமான சொல்லிகொனில் குடியானவர்களின் வீடுகளில் ஞானஸ்நானமும், சாதாரண ரொட்டியை வைத்து இராப்போசனமும் நடந்தன. எங்கள் இல்லத்தில் இருந்து பஸ் எடுத்தால் சொல்லிகொனுக்கு அதிக நேரம் ஆகாது. இன்றைக்கு அது பணக்காரர் குடியிருக்கிற இடம்.

அதே ஜனவரி மாதத்தில்தான் சூரிச் சபை ஏழைகளுக்கான புதிய ஒழுங்கையும் கொண்டுவந்தது. பிச்சை எடுப்பதை நிறுத்தி, தினமும் கஞ்சியும் ரொட்டியும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதன் பின்னாலும் ஸ்விங்லி இருந்தார். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய அதே நிர்வாகம்தான் பின்னால் மான்ஸை ஆற்றில் தள்ளியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்த வரலாறு நல்லவர் கெட்டவர் கதையாகப் போய்விடும்.

பிறகு கைது, சிறை, தப்புதல், மறுபடி கைது. 1526 மார்ச்சில் மறு ஞானஸ்நானம் கொடுப்பவருக்கு நீரில் மூழ்கடித்து மரண தண்டனை என்று சட்டம் வந்தது. தண்ணீரால் குற்றம் செய்தவனுக்குத் தண்ணீரே தண்டனை என்ற குரூரமான பகிடி அதில் இருக்கிறது. அதே வருடம் சூரிச்சில் இன்னொன்றும் தொடங்கியது: ஞானஸ்நானப் பதிவேடு. யார் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுவரவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு. எங்கள் குடும்பங்களில் பத்திரமாக வைத்திருக்கிற ஞானஸ்நானச் சான்றிதழின் மூதாதையரில் ஒருவர் இப்படிப் பிறந்தவர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிரேபெல் 1526இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். மான்ஸ் பிடிபட்டார். 1527 ஜனவரி 5ஆம் திகதி, சனிக்கிழமை, தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அதில் அவருடைய குற்றமாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கிறிஸ்துவை ஏற்று, அவருடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து, அவருக்குப் பின்செல்ல விரும்புகிறவர்களைத் தேடிச் சேர்த்து, ஞானஸ்நானத்தால் அவர்களோடு ஒன்றாக வேண்டும் என்றும், மற்றவர்களை அவரவர் நம்பிக்கையில் விட்டுவிட வேண்டும் என்றும் அவர் சொன்னாராம். இதுதான் குற்றம்.

ஜெர்மன் மொழியில் சீஷத்துவத்துக்கு நாஹ்ஃபோல்கெ என்று சொல்வார்கள். நேரடியாகச் சொன்னால் பின்செல்லுதல். 1937இல் டீட்ரிஷ் போன்ஹோஃபர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் பெயரும் அதுதான். ஹிட்லரை எதிர்த்து 1945இல் தூக்கில் இறந்தவர் அவர். மான்ஸின் தீர்ப்பில் இந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டாக நிற்கிறது. ஞாயிறு பாடசாலையில் நான் மனப்பாடம் செய்த ஒரு சொல்லுக்கு அரசாங்கம் ஆற்றையே காட்டியிருக்கிறது. அதோடு, மற்றவர்களை விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன் என்றதும் அன்றைக்குக் குற்றம்.

ஆற்றின் நடுவில் இருந்த சிறைக் கோபுரத்தில் இருந்து அவரை மீன்சந்தைப் பக்கமாகக் கொண்டுவந்து படகில் ஏற்றினார்கள். கைகளைக் கட்டி, முழங்காலுக்கு மேலால் இழுத்து, கைக்கும் காலுக்கும் இடையில் ஒரு தடியைச் செருகி, மீனவர் குடிலில் இருந்து தள்ளினார்கள். ஜனவரி மாதத்து லிம்மாட். கரையில் அவருடைய தாயும் சகோதரனும் நின்றார்கள். உறுதியாய் இரு என்று சத்தமிட்டுச் சொன்னார்கள். இதை எழுதி வைத்தவர் மான்ஸின் நண்பர் இல்லை. ஸ்விங்லிக்குப் பின் அவருடைய இடத்துக்கு வந்த புல்லிங்கர். இந்த மக்களை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து எழுதியவர். அவராலும் அந்தத் தாயின் குரலை விட்டுவிட முடியவில்லை.

அந்தத் தாயிடம் திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் ஸ்விங்லி தொடங்கிய சீர்திருத்தச் சபையின் ஒல்லாந்து உறவினர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டையும் சைவ வழிபாட்டையும் தடை செய்தார்கள். பாடசாலைகளில் தோம்பு வைத்தார்கள். தோம்பு என்ற சொல் எங்கள் காணி உறுதிகளில் இன்றைக்கும் வரும். காணித் தோம்பு போலவே பாடசாலைத் தோம்பும் இருந்தது. யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குத் திருமணம் என்று உபாத்தியாயர் பதிவார். தோம்பில் பெயர் இருந்தால்தான் திருமணம் செல்லும், பிள்ளைக்குச் சொத்து செல்லும், முதலியார் உத்தியோகம் கிடைக்கும். ஆகவே மக்கள் வந்து தண்ணீர் வார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் விபூதி பூசினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். காணியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. இது பெயரளவுக் கிறிஸ்தவம் என்று ஒல்லாந்துப் போதகர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். 1796இல் ஒல்லாந்தர் போனார்கள், கட்டாயம் போனது, அந்தக் கிறிஸ்தவமும் பெரும்பாலும் கூடவே போய்விட்டது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரை இல்லாத பழைய தேவாலயங்களைத்தான் கண்டார்கள்.

அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவில் இருந்து ஒரு கத்தோலிக்கக் குரு கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஜோசப் வாஸ். பிடிபட்டால் தண்டனை. சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பணி செய்தார். பிறகு கண்டிக்குப் போனார். அங்கே உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறை வைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி உள்ளவர்கள் ஓடினார்கள். நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸும் அவருடைய சக குருவும் அவர்களைத் தேடிப் போய்க் கழுவினார்கள், உணவு கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. 2015இல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நான் புரட்டஸ்தாந்து வீட்டில் பிறந்தவள். எங்கள் அம்மம்மா வாஸ் என்ற பெயரையே சொன்னதில்லை. ஆனால் ஒரு தாதியாக எனக்கு இந்தக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. தோம்பில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தன. அம்மை வந்த இடத்துக்குப் போனது தோம்புக்கு வெளியே மறைந்து திரிந்த ஒரு மனிதர்.

சைவ நண்பர்களுக்கு இது புதிது இல்லை என்று நினைக்கிறேன். சேக்கிழார் எழுதியது திருத்தொண்டர் புராணம். அந்த நாயன்மார்களை நாங்கள் நினைவு வைத்திருப்பது அவர்கள் செய்த காரியத்தால். திருக்குறிப்புத் தொண்டர் அடியாரின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். அவர் என்ன சித்தாந்தம் பேசினார் என்று யாரும் கேட்பதில்லை.

இனி என்னுடைய வேலைக்கு வருகிறேன். எங்கள் இல்லத்துக்கு ஒவ்வொரு வருடமும் இருபது வயதுப் பையன்கள் சிலர் வருவார்கள். ஸீவி என்று கூப்பிடுவோம். சுவிஸில் ஆண் குடிமக்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். மனச்சாட்சி இடம்கொடுக்காதவர்கள் 1996வரை சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு சிவில் சேவைச் சட்டம் வந்தது. முதலில் உன் மனச்சாட்சியை விளக்கு என்று நேரில் விசாரித்தார்கள். 2009இல் அந்த விசாரணையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு விதி: இராணுவத்தில் மிச்சம் இருக்கும் நாட்களைப் போல ஒன்றரை மடங்கு நாட்கள் வேலை செய்யத் தயார் என்றால் உன் மனச்சாட்சியை ஏற்றுக்கொள்கிறோம். இதற்கு ஜெர்மனில் டாட்பெவைஸ் என்று பெயர். செயலால் நிரூபித்தல். வாளை எடுக்கமாட்டோம் என்று சொன்ன மான்ஸின் கூட்டத்தை ஆற்றில் தள்ளிய நாடு, ஏறத்தாழ ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு அந்த மறுப்புக்கு ஒரு விலை குறித்து, அதைச் செலுத்த வழியும் கொடுத்திருக்கிறது.

ஸீவிப் பையன்களில் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்கள் குறைவு. முதல் நாள் மூத்திரப் பையை மாற்றச் சொன்னால் முகம் வெளுக்கும். மூன்று மாதத்தில் பழகிவிடுவார்கள். நடக்க மறந்த ஒருவரை மறுபடி நடக்கவைக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. அவருடைய பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவருடைய வேகம்தான் உன்னுடைய வேகம். விழுந்தால் விழுகிற பக்கத்தில் நீ இருக்க வேண்டும். பின்செல்லுதல் என்ற சொல்லை நான் நினைக்கும்போது பிரசங்க மேடை ஞாபகம் வருவதில்லை. அந்த நடைபாதைதான் வருகிறது.

இப்போது நான் சொல்லப் போவது வரலாறு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மான்ஸைப் பற்றிப் பேசினால் அது நேர்மை ஆகாது.

நான் இருபத்தி மூன்று வயதில் இங்கே வந்தேன். நகர அலுவலகத்தில் பதியும்போது மதம் என்ற இடத்தில் சீர்திருத்தச் சபை என்று எழுதினேன். அன்றில் இருந்து என் வரியோடு சபை வரியும் சேர்ந்து போகிறது. ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போனேன். சமாதானத்துக்காக ஜெபித்தோம். அதே காலத்தில் மாதம் ஒருமுறை வீட்டுக்குச் சேகரிக்க வருவார்கள். நானும் கொடுத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கொடுத்தால் ஊருக்கு ஏதோ செய்தது போல இருந்தது. கொடுக்காவிட்டால் கதவடியில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். 2008இல் வன்னியில் என் சின்னம்மாவின் கடைசி மகளைப் படையில் சேர்க்கக் கொண்டுபோனார்கள். பதினேழு வயது. அவள் திரும்பி வரவில்லை. 2009 மே மாதத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குண்டு போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று இங்கே சொல்லவும் வரவில்லை. நான் சொல்ல வந்தது என்னுடைய கையைப் பற்றி.

சில வருடங்களுக்குப் பிறகு சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். அவ தகரக் கூரை வீட்டில் இருந்தா. மூன்றாவது நாள் இரவு நான் அதைச் சொல்லிவிட்டேன். மாதா மாதம் நானும் காசு கொடுத்தேன் என்று. சின்னம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. "நீயும் குடுத்தனியோ" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தா.

அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. என் பெயர் சபைப் பதிவேட்டில் இருந்தது. வரி போனது. ஜெபமும் போனது. ஆனால் என்னுடைய நம்பிக்கைகளுக்கான விலையைக் கொடுத்தது வேறு ஒருத்தியின் பிள்ளை. லிம்மாட் ஆற்றில் மான்ஸ் கொடுத்தது தன்னுடைய உயிரை. சூரிச் சபை தன்னுடைய விசுவாசத்துக்குக் கொடுத்ததும் மான்ஸின் உயிரைத்தான். ஒருவர் சீஷனா இல்லையா என்று நான் இப்போது பார்க்கும் இடம் அதுதான். அவர் நம்புவதற்கு விலை கொடுப்பது யார்?

இந்தப் பக்கத்தையும் மிகைப்படுத்தக்கூடாது. மான்ஸ் இறந்து எட்டு வருடம் ஆவதற்குள், அதே மறு ஞானஸ்நானக் கூட்டத்தைச் சேர்ந்த சிலர் ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தைப் பிடித்து, வாள் எடுத்து, தங்களோடு ஒத்துவராதவர்களைத் துரத்தினார்கள். 1535இல் அது இரத்தத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்பதால் ஒரு கூட்டம் சரியானது ஆகிவிடாது. அந்த அழிவுக்குப் பிறகு மென்னோ சைமன்ஸ் என்ற ஒல்லாந்துக் குரு மிச்சம் இருந்தவர்களை வாள் இல்லாத வழிக்குச் சேர்த்தார். அவர்கள்தான் மென்னோனைட்டுகள். அமெரிக்காவில் குதிரை வண்டியில் போகிற அமிஷ் மக்களும் இந்த வேரில் வந்தவர்கள். இந்தியாவில் சத்தீஸ்கரின் தம்தரியில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் இவர்களே. ஸ்விங்லி 1531இல் கப்பெல் போர்க்களத்தில், கத்தோலிக்க மாநிலங்களோடு நடந்த சண்டையில் இறந்தார். சிலையின் கையில் இருக்கும் வாள் சும்மா வைத்தது இல்லை.

சூரிச் சீர்திருத்தச் சபை 2004 ஜூனில் இந்தக் கொலைகள் சுவிசேஷத்துக்குத் துரோகம் என்று ஒப்புக்கொண்டு, அந்த மக்களின் வழித்தோன்றல்களோடு சேர்ந்து அந்தக் கல்லைப் பதித்தது. 2025 மே 29, இயேசு பரமேறிய நாள், ஐந்நூறாவது ஆண்டுக்காக உலகம் முழுவதிலும் இருந்து மென்னோனைட்டுகள் சூரிச்சுக்கு வந்தார்கள். ஸ்விங்லியின் தேவாலயத்திலேயே ஆராதனை நடந்தது. எனக்கு அன்று பகல் வேலை. முடிந்த பிறகு ஆற்றங்கரைக்கு மட்டும் போனேன். பல நிறத்து மக்கள் கரையோரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எனக்கு அப்போது அந்தத் தாய்தான் ஞாபகம். ஊரில் பிள்ளையை அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திய தாய்மாரைப் பற்றி நாங்கள் நிறையப் பாட்டுக் கேட்டு வளர்ந்தோம். மான்ஸின் தாய் அவர்களைப் போலவா? நான் பல நாள் யோசித்தேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவருடைய பிள்ளை யாரையும் கொல்லப் போகவில்லை. அவர் பிள்ளையை அனுப்பவும் இல்லை. பிள்ளை தானாகத் தெரிந்துகொண்ட ஒன்றில் இருந்து அவனை இழுத்துவிடாமல் நின்றார். அது என்னால் முடியுமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. கத்திக் கூப்பிட்டு, சொன்னதை வாபஸ் வாங்கு, வீட்டுக்கு வா என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

என் மகனுக்குப் பதினேழு வயது. சுவிஸ் பிரஜை. அடுத்த வருடம் அவனுக்கு இராணுவத்தின் கடிதம் வரும். போன மாதம் சாப்பிடும்போது கேட்டான்: "அம்மா, நான் ஆமிக்குப் போகவோ, ஸீவியாப் போகவோ? நீங்கள் சொல்லுங்கோ." எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், நானும் அவனைத் தோம்பில் பதிகிற உபாத்தியாயர் ஆகிவிடுவேன். அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டினேன். சின்னம்மாவின் கதையையும் முதல்முறையாக, காசு கொடுத்ததையும் சேர்த்து, சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது டிராமில் நான் ஒன்று மட்டும் சொன்னேன்: "நீ எதைத் தெரிஞ்சாலும், அதின்ரை விலையை நீதான் குடுக்கவேணும். வேறை ஒருத்தியின்ரை பிள்ளை குடுக்கக்கூடாது."

அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை. நாளைக்கு எனக்கு அதிகாலை வேலை. இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு அம்மாவை முதல்முறை கட்டிலால் இறக்கி நடக்கவைக்க வேண்டும். ஆகவே கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.